கரையை அரித்தது கடல் மட்டுமா?

கடற்கரை என்பது அசையாத எல்லை என்று தேசப்படங்கள் நமக்குக் கற்பித்துள்ளன. பாடசாலைச் சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தில், மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை ஒரு கறுத்த கோடு இறங்குகிறது. கோட்டுக்கு இப்பால் நிலம், அப்பால் கடல். ஆனால் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் ஒலுவிலிலும் பாலமுனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களுக்கு அந்தக் கோடு ஒருநாளும் அசையாமல் நின்றதில்லை. சோழகக் காற்று ஒரு திசையில் மணலைத் தள்ளும். வாடைக் காற்று மறு திசையில் தள்ளும். கரைவலை இழுப்போர் வாடியை ஆண்டுக்கு ஆண்டு சற்றே இடம் மாற்றிக் கட்டுவதும், மாரியில் போன மணல் கோடையில் திரும்புவதும் இக்கரையின் இயல்பான நாட்குறிப்பு.

அண்மைக் காலத்தில் நேர்ந்திருப்பதோ வேறு. இக்கரையின் பல இடங்களில் கோடு அசைவதோடு நிற்கவில்லை, உள்நோக்கி வருகிறது. போன கரை திரும்பவில்லை. தென்னைகள் வேர் தெரிய நின்று, பின்னர் சாய்கின்றன. மாளிகைக்காட்டில் மையவாடியின் சுவரையே கடல் இடித்தது. உயிரோடிருப்போர் ஒதுங்கி இடம் தேடலாம். அடக்கப்பட்டோர் எங்கே ஒதுங்குவர்?

இதற்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு இப்பகுதியில் இருவகை விடைகள் வழங்குகின்றன. ஒலுவில் துறைமுகமே காரணம் என்பது ஒன்று. உலகம் வெப்பமடைகிறது, கடல் உயர்கிறது, உலகத்துக்கே வந்த கேட்டுக்கு யார் என்ன செய்ய இயலும் என்பது மற்றொன்று. முதல் விடையை மீனவரும் காணி இழந்தோரும் கூறுகின்றனர். இரண்டாவது விடை அலுவலக மேசைகளிலும் கருத்தரங்கு மண்டபங்களிலும் அதிகமாக ஒலிக்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு என்பதே நம் கருத்து. ஆயினும் ஓர் உண்மையை இன்னோர் உண்மையால் மூடிவிடும் வித்தை நம் கண்முன் நடைபெறுகிறது. உலக வெப்பமாதல் பொய்யன்று. அதைச் சாட்டாக்கி உள்ளூர்ப் பொறுப்பைக் கழுவுவதுதான் பொய். இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதற்குச் சரித்திரத்தின் துணை தேவை.

இக்கரை எவ்வாறு உருவாயிற்று என்பதிலிருந்து தொடங்குவோம். மலைநாட்டின் கீழ்ச்சரிவில் பிறந்து கிழக்கே ஓடிவரும் ஆறுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்த மணலே இக்கரையின் மூலதனம். ஆறு கொடுத்த மணலை அலை ஏற்று, கரையோரமாக நகர்த்திச் சென்று, பரப்பிவைத்தது. இம்மணல் மேட்டின் மேல்தான் ஊர்கள் எழுந்தன. கிழக்கே கடல், மேற்கே வயல் வட்டைகளும் நீரோடைகளும், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மேட்டில் வீடும் பள்ளிவாசலும் சந்தையும் பாடசாலையும். வயலையும் கடலையும் ஒருசேர நம்பி வாழும் மக்களின் நிலவியல் இதுவே. ஒலுவிலுக்குத் தெற்கே, அட்டாளைச்சேனைக்கு அருகே அமைந்த பாலமுனையும் இத்தகையதே. மேட்டின் அகலம் குறைந்தால் ஒதுங்குவதற்கு இங்கே வெற்று நிலம் இல்லை. மேற்கே போனால் பிறர் வயல். அதற்கும் அப்பால் வனம், குடியேற்றத் திட்டம், அரச காணி என்று ஆயிரம் எல்லைக் கற்கள்.

இம்மூலதனத்தில் முதற் பெரிய மாற்றம் ஆற்றில் நிகழ்ந்தது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. நம்மவர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்க நிறுவனமொன்று பேரணை கட்டிற்று. சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டம் என்று அது கொண்டாடப்பட்டது. அந்நீரால் பெருநிலப்பரப்பு விளைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அணை நீரை மட்டும் மறிப்பதில்லை, மணலையும் மறிக்கிறது. வெள்ளத்தோடு கடலுக்கு வந்து சேர வேண்டிய மணலின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்தின் அடியில் உறங்கிற்று. எஞ்சிய மணலை ஆற்றுப் படுகைகளிலிருந்து கட்டட வேலைக்காக அள்ளும் தொழில் பின்னாளில் வளர்ந்தது. வருமானம் குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலை இக்கரைக்கு வாய்த்தது. திட்டமிட்டோர் ஏக்கர்க் கணக்குப் பார்த்தனர். ஆற்றுவாயில் வந்து சேரும் மணலுக்குக் கணக்கு வைத்தோர் எவருமிலர்.

இரண்டாவது மாற்றம் ஒலுவில் துறைமுகம். அதன் சரித்திரத்தை நியாயத்தோடு கூறவேண்டும். கிழக்கின் தென்பகுதி நீண்டகாலம் புறக்கணிக்கப்பட்ட பிரதேசம். 1994 இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான மந்திரியான எம். எச். எம். அஷ்ரஃப் ஒலுவிலில் ஒரு துறைமுகம் வேண்டும் எனக் கனவு கண்டார். 1995 இல் அதே ஊரில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, மறு ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கல்வியும் தொழிலும் தம் வாயிலுக்கு வருகின்றன என்று மக்கள் மகிழ்ந்ததில் பிழை ஒன்றும் இல்லை. 2000 செப்டெம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். அவருக்குப் பின்னர், டென்மார்க்கின் கடனுதவியோடு டென்மார்க் நிறுவனமொன்றின் கையால் 2008 இல் கட்டுமானம் தொடங்கி, 2013 செப்டெம்பரில் துறைமுகம் ஆரவாரமாகத் திறந்துவைக்கப்பட்டது.

கடலுக்குள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் செய்த வேலையை விளங்கிக்கொள்ளப் பொறியியற் பட்டம் தேவையில்லை. இக்கரையோரமாக நகரும் மணல் ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே அதிகமாகப் போகிறது. குறுக்கே சுவர் எழுந்தால் தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கும். வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. வெறுங்கையோடு வரும் அலை அங்குள்ள கரையையே பறித்துத் தின்னும். ஒலுவிலில் அதுவே நடந்தது. தடுப்பில் தேங்கிய மணல் துறைமுக வாயையும் அடைத்தது. வணிகக் கப்பல்களுக்கெனக் கட்டிய துறையில் மீன்பிடிப் படகுகள் நுழைவதற்கே மணலை அள்ளிக் கொட்டவேண்டியதாயிற்று. வடக்கே தென்னந்தோட்டங்களும் காணிகளும் கடலுக்குள் போயின.

இங்கே கவனிக்க வேண்டிய அரசியல் ஒன்று உண்டு. துறைமுக வாயைத் திற என்று படகுத் தொழிலாளர் கோரினர். எங்கள் கரைக்கும் காணிக்கும் பரிகாரம் காணாமல் அங்கே கைவைக்காதே என்று ஒலுவில் மக்கள் கோரினர். இரு கோரிக்கையும் நியாயமானவையே. ஆயினும், உழைத்து உண்ணும் இரு கூட்டத்தார் ஒருவரை ஒருவர் பகைத்து நிற்க நேர்ந்தது. வரைபடம் தீட்டியோரும், கடன் கொடுத்து வட்டியையோ வேலையையோ பெற்றோரும், நாடா வெட்டியோரும் அச்சச்சரவில் இல்லை. அடித்தவன் போய்விட, அடிபட்டவர்கள் தமக்குள் வழக்காடும் காட்சி இது.

இனி உலக வெப்பத்துக்கு வருவோம். இது நேற்று எழுந்த வதந்தியன்று. காபனீரொட்சைட்டு நிறைந்த காற்று வெயிலில் கூடுதலாகச் சூடேறுவதை யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856 இல் பரிசோதித்துக் காட்டினார். நிலக்கரியை எரிப்பதால் பூமி வெப்பமடையும் என்பதை 1896 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் கையாலேயே கணித்தார். 1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்ள்ஸ் கீலிங் அளவெடுக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் அவ்வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் அது 280. 2024 இல் 420 ஐத் தாண்டிவிட்டது. அதே 2024, கைத்தொழிற் காலத்துக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் வெப்பம் பதிவான முதல் ஆண்டுமாயிற்று.

வெப்பமேறிய நீர் விரிகிறது. துருவப் பனியும் மலைப் பனியும் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006 க்குப் பின்னர் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீற்றர் வேகத்தில் ஏறிற்று. மில்லிமீற்றர் தானே என்று சிரிப்போர் உண்டு. ஆனால் தட்டையான மணற்கரையில் நீர் ஒரு சாண் உயர்ந்தால், கரை பின்வாங்குவது அதைப்போல் பல பத்து மடங்காகும். கிணற்றில் உவர் ஏறுவதும், முகத்துவாரத்து உப்புநீர் வயலை எட்டிப்பார்ப்பதும், மாரி வெள்ளம் கடலில் விரைந்து வடியாமல் ஊருக்குள் நிற்பதும் அந்த உயர்வோடு பிணைந்தவையே.

கடல் மட்டுமன்றி வானமும் மாறுகிறது. 1951 க்கும் 2015 க்கும் இடையே இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை வெப்பமடைந்தது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். கொட்டும்போது அவ்வளவையும் கொட்டும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கை மூழ்கடித்த வெள்ளத்தில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 2024 நவம்பர் 26 இல், அரபுக் கல்லூரியிலிருந்து வீடு திரும்பிய மாணவச் சிறுவரை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தைக் காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தத் துயரம் இம்மாவட்டத்தில் இன்னும் ஆறவில்லை. மறு ஆண்டு அதே நவம்பரில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

இங்கே நாம் நிதானம் தவறலாகாது. 1978 நவம்பரிலும் மட்டக்களப்பைப் பெரும்புயல் சூறையாடியது. புயல் புதியதன்று. 2004 டிசெம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கடற்கோள் நிலநடுக்கத்தால் வந்தது. அதற்கும் உலக வெப்பத்துக்கும் தொடர்பில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது விஞ்ஞானமாகாது. வெப்பமாதல் புயலையும் வெள்ளத்தையும் புதிதாகப் படைக்கவில்லை. இருந்தவற்றின் கையில் கூரிய ஆயுதத்தைக் கொடுத்தது. மணல் வரவு குறைந்து, குறுக்கே சுவரும் எழுந்து, முன்னரே நலிந்துபோன கரையின் மீது உயர்ந்த கடல் ஏறுகிறது. நோயாளி யாரால் நலிந்தான் என்பதை விட்டுவிட்டு, கடைசியாக வந்த காய்ச்சலை மட்டும் மரணப் பத்திரத்தில் எழுதுவது நேர்மையான வைத்தியனின் செயலாகாது.

அந்தக் காய்ச்சலையும் யார் மூட்டினர்? 1850 முதல் இன்றுவரை நிலக்கரியையும் பெற்றோலியத்தையும் எரித்து வளியில் சேர்த்த காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ பாதி அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்த்தது. இலங்கை இன்று வெளியேற்றுவது உலகத் தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான எக்சனின் சொந்த விஞ்ஞானிகள் 1977 இலேயே தம் முதலாளிகளுக்கு இந்த அபாயத்தைச் சொல்லியிருந்தனர். அறிந்த பின்னரும் அந்நிறுவனம் பல்லாண்டுகள் ஐயத்தைப் பரப்பியது. இலாபத்துக்கும் உண்மைக்கும் போட்டி வந்தபோது உண்மை தோற்ற சரித்திரம் இது.

மாநாடுகளின் சரித்திரமும் இதையே சொல்லும். 1992 இல் ரியோவில் உலக நாடுகள் கூடி, பொறுப்பு எல்லோருக்கும் பொதுவாயினும் அளவில் வேறுபட்டது என ஒப்புக்கொண்டன. 1997 இல் கியோட்டோவில் செல்வ நாடுகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. 2001 இல் அமெரிக்கா அதை உதறியது. 2015 இன் பாரிஸ் உடன்படிக்கையிலும் அந்நாடு புகுவதும் விலகுவதுமாக விளையாடி, 2025 ஜனவரியில் மீண்டும் விலகலை அறிவித்தது.

இவற்றுள் நம் கரையோடு நேராகத் தொடர்புடைய மாநாடு ஒன்றுண்டு. 2009 டிசெம்பரில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் தலைவர்கள் கூடி, வறிய நாடுகளுக்கு 2020 அளவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் கோடி டொலர் திரட்டித் தருவதாக வாக்களித்தனர். அவ்வாக்கு 2022 இல்தான் நிறைவேறிற்று. அதிலும் பெரும்பகுதி கடனாகவே வந்தது. அந்த மாநாடு நடந்த அதே நாட்களில், அதே நாட்டின் கடனில், ஒலுவில் கடலுக்குள் கருங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் கரைகளைக் காப்பதாகப் பேச்சு. இங்கே கரையை மறிக்கும் சுவர். டென்மார்க் மக்கள் மீது நமக்குப் பகையில்லை. 2022 இல், காலநிலையால் நேரும் இழப்புக்கென நிதி தர ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளுள் முதலில் முன்வந்ததும் அந்நாடே. அதைப் போற்றும் அதே வேளையில், உதவி என்ற பெயரால் வரும் கடன் யாருடைய தொழிலை வளர்க்கிறது, அதன் விளைவை யார் சுமக்கின்றனர் என்று கேட்கும் உரிமையையும் நாம் விட்டுக்கொடுக்க இயலாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த ஒரு நாட்டின் பிரசைகளுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

எல்லாப் பழியையும் அந்நியர் மீது சுமத்திவிட்டு ஓய்வதும் முற்போக்காகாது. புத்தளத்து நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையத்தை எழுப்பியது நம் அரசே. சம்பூரில் இன்னொன்றை எழுப்பும் முயற்சி மக்களின் எதிர்ப்பினாலும் வழக்கினாலும் 2016 இல் கைவிடப்பட்டது. கிழக்கு மக்கள் எழுந்து நின்றால் முடியும் என்பதற்கு அது சான்று.

நுரைச்சோலை என்ற பெயரில் நம் மாவட்டத்திலும் ஓரிடம் உண்டு. அக்கரைப்பற்று முஸ்லிம் மக்களுள் கடற்கோளில் வீடிழந்தோருக்கென அங்கே சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, தேசிய இன விகிதாசாரப்படியே பகிர வேண்டுமென 2009 இல் உயர் நீதிமன்றம் கூறியது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து காடு மண்டின. கடற்கோளின் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனத் தடைவலயம் அறிவிக்கப்பட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அது பின்னர் தளர்ந்தது. ஆனால் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி வாழும் இவ்வூர்களில் 200 மீற்றர் என்பது பல இடங்களில் ஊரின் பெரும்பங்கு.

கடல் உயர உயர, கரையோரத்தார் உள்ளே இடம்பெயர வேண்டும் என்று நாளை மீண்டும் சொல்லப்படும். அப்போது எழும் வினா கடலைப் பற்றியதன்று, காணியைப் பற்றியது. எங்கே போவது? யார் தருவது? தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று காணிக்கு இனக் கணக்குப் பார்க்கும் அரசியல் தொடருமாயின், உயரும் கடல் இன்னொரு இனப் பிரச்சினையைக் கரையேற்றிவிடும். காலநிலை நியாயம் என்ற சொல்லுக்கு அம்பாறைக் கரையில் பொருள் இதுவே: காணி நியாயமின்றி அது இல்லை. மூன்று இனத்து ஏழைகளும் ஒரே மேசையில் அமர்ந்து பேசாத வரையில், மேட்டு நிலம் இருந்தும் மக்கள் பள்ளத்திலேயே மூழ்குவர்.

ஆகவே நாம் செய்யத்தக்கது என்ன? முதலாவதாக, அறிதல். 1988 இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டம், பெருந்திட்டங்களின் சுற்றாடல் மதிப்பீட்டைப் பொதுமக்கள் பார்வையிட 30 நாள் அவகாசம் தருகிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகத்தின் கோப்பைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. ஒலுவில் துறைமுகத்தைப் பற்றிய ஆய்வுகள் மணலின் நகர்வைப் பற்றி என்ன கூறின, அவ்வெச்சரிக்கைகளை யார் ஏற்றனர், யார் புறந்தள்ளினர் என்று கேட்பதற்கு நாம் பாராளுமன்ற உறுப்பினராக வேண்டியதில்லை.

இரண்டாவதாக, அளத்தல். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் அசையாத ஒரு கட்டடத்தையோ மரத்தையோ குறியாகக் கொண்டு, கடல் எத்தனை முழம் என்று மாதந்தோறும் அளந்து ஏட்டில் எழுதலாம். கிணற்று நீரின் உவரையும், வெள்ளம் நின்ற நாட்களையும் எழுதலாம். கயிறும் ஏடும் போதும். பத்தாண்டுக்குப் பின்னர் எந்த நிபுணரும் தள்ளிவிட முடியாத சாட்சியமாக அது நிற்கும். அரிப்பில் துறைமுகத்தின் பங்கு எவ்வளவு, கடல் உயர்வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கும் அறிவும் அவ்வேடுகளிலிருந்தே பிறக்கும். மாணவரால் என்ன முடியும் என்று கேட்போருக்கு ஒன்று சொல்வோம். பசுபிக் தீவுகளின் சட்ட மாணவர் சிலர் 2019 இல் தம் வகுப்பறையில் தொடங்கிய கோரிக்கை, வனுவாற்று அரசின் கோரிக்கையாகி, ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானமாகி, 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரையாக வெளிவந்தது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என அந்நீதிமன்றம் கூறியது.

மூன்றாவதாக, ஒன்றுசேர்தல். மணல் மேட்டில் படரும் அடம்பன் கொடியைப் பார்த்து நம் முன்னோர் ஒரு பழமொழி சொன்னார்கள்: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. அக்கொடி மணலைப் பிடித்துக் கரையைக் காக்கும் என்பதைக் கடற்கரையை ஆராய்வோரும் ஒப்புவர். வாயைத் திறக்கக் கோரும் படகுக்காரரும், காணியைக் கேட்கும் ஒலுவிலாரும், உவரேறும் வயலைக் காக்கும் பாலமுனை விவசாயியும், வெள்ளத்தில் மூழ்கும் மேட்டுக்குடியேற்றத்துச் சிங்கள உழவரும் ஒரே ஏட்டில் தம் கணக்கை எழுதத் தொடங்கும் நாளில், கரையை அரித்தது கடல் மட்டுமா என்ற வினாவுக்கு விடை எழுதவேண்டிய கடமை அதிகாரத்தில் இருப்போரைச் சாரும்.